பழைய டிவியில் இணைய வீடியோ

கேள்வி: எங்கள் டிவி நன்றாக ஓடுகிறது, ஆனால் ஸ்மார்ட் டிவி இல்லை. ஓப்பன் சோர்ஸ் முறையில் அதில் இணைய வீடியோ பார்க்கலாமா?

பதில்: எச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறதா? அப்படியானால் டிவியை மாற்றவே வேண்டாம். ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியை வாங்கி, மெமரி கார்டில் லிப்ரெஎலெக் என்ற இயங்குதளத்தை ஏற்றி அதில் செருகுங்கள். ஆன் செய்ததும் நேராகக் கோடி திறக்கும். எக்ஸ்பாக்ஸுக்காகத் தன்னார்வலர்கள் எழுதத் தொடங்கி, 2014-ல் கோடி என்று பெயர் மாறிய ஓப்பன் சோர்ஸ் வீடியோ மென்பொருள் அது.

பை 4-ல் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ. வீட்டில் கிடக்கும் கேபிள் நுழையாது, அதற்கான கேபிளையும் கையோடு வாங்கிவிடுங்கள். இரண்டு போர்ட்டுகளில் மின்சார டைப்-சி பக்கத்தில் உள்ளதில் செருகவும். தனி ரிமோட்டும் தேவைப்படாது. டிவி செட்டிங்ஸில் சிஇசி வசதியைத் தேடுங்கள். சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க் என்று ஒளிந்திருக்கும். அதை ஆன் செய்தால் டிவி ரிமோட்டே கோடியையும் இயக்கும்.

கோடி காலியாகத்தான் வரும். யூடியூபுக்கு ஆட்-ஆன் போடவேண்டும். அது கூகுளில் நீங்களே ஏபிஐ கீ வாங்கச் சொல்லும். சள்ளைதான், ஆனால் ஒருமுறை வேலை. நெட்ஃபிளிக்ஸ்தான் முக்கியம் என்றால் இந்த வழி வேண்டாம். டிஆர்எம் பூட்டு காரணமாகப் படத்தின் தரம் குறையும். ‘எல்லாப் படமும் இலவசம்’ என்று விற்கும் கோடி பெட்டிகளை வாங்காதீர்கள். அவை திருட்டு ஆட்-ஆன்கள் திணித்தவை. கோடிக் குழுவே அவற்றை ஏற்பதில்லை.