குவாட் பைக் முதலில், விருந்து கடைசியில்: துபாய் பாலைவனப் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

துபாயில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவை விசிட் விசாவில் வரவழைத்தால், புர்ஜ் கலிஃபாவைக் காட்டிய கையோடு டெசர்ட் சஃபாரிக்குப் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். மதியம் மூன்று மணிவாக்கில் வீட்டு வாசலில் வண்டி ஏறினால் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத் திரும்பிவிடலாம். நடுவில் மணல்மேடுகளில் கார் ஓட்டம், குவாட் பைக், ஒட்டகச் சவாரி, சூரிய அஸ்தமனம், கேம்பில் இரவு விருந்து. ஒரே மாலைக்குள் இத்தனையும் அடங்குவதால், எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது என்பதைப் பொறுத்தே அந்த மாலை இனிப்பதும் கசப்பதும். வெளிச்சம் இருக்கும்போதே, உடம்பு அலுக்குமுன்பே, வயிறு நிறையுமுன்பே குவாட் பைக்கை முடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எப்போது போகலாம், எங்கே போகலாம்

நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஜூன், ஜூலையில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். ஹெல்மெட்டும் முழுக்கைச் சட்டையுமாக அந்த வெயிலில் குவாட் பைக் ஓட்டுவது இளைஞர்களுக்கே சிரமம். டிசம்பரில் சூரியன் சுமார் ஐந்தரை மணிக்கே மறைந்துவிடும். ஜூனில் ஏழு மணி தாண்டும். ஆகவே குளிர்காலத்தில் போகிறவர்கள் 'மூன்றரைக்கு வருகிறோம்' என்று சொல்லும் நிறுவனத்திடம் 'இரண்டரைக்கு வர முடியுமா?' என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. அந்த ஒரு மணி நேரம்தான் வெளிச்சத்தில் பைக் ஓட்டக் கிடைக்கும் நேரம். மணல்காற்று வீசும் என்று வானிலை அறிவிப்பு வந்தால் யோசிக்காமல் வேறு நாளுக்கு மாற்றிவிடுங்கள்.

பெரும்பாலான மாலைப் பயணங்கள் ஹத்தா சாலையில் உள்ள லஹ்பாப் பக்கம் போகின்றன. நகரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். அங்கே மணல் செம்மையாக இருக்கும். மணல்துகள்களின் மேல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடுதான் காரணம். அதே சாலையில் இன்னும் தள்ளிப் போனால் அல் மதாம் பக்கம் 'பிக் ரெட்' என்று எல்லோரும் சொல்லும் பெரிய மணற்குன்று வரும். அதைச் சுற்றிலும் குவாட் பைக் வாடகைக் கடைகள் இருக்கின்றன. சொந்தக் காரில் போய்ப் பைக் மட்டும் ஓட்டிவிட்டு வர நினைப்பவர்களுக்கு அந்த இடம் வசதி. அரேபிய ஓரிக்ஸையும் மான்களையும் அமைதியாகப் பார்க்க வேண்டும் என்பவர்கள் துபாய் பாலைவனப் பாதுகாப்புச் சரணாலயத்துக்குள் அழைத்துப்போகும் பயணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 225 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த இடம் இன்ஜின் சத்தம் தேடிப் போகிறவர்களுக்கு உகந்ததல்ல.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

மிகக் குறைந்த விலைக்கு விற்கும் டிக்கெட்டில் 'குவாட் பைக்' என்ற வார்த்தை இருந்தாலும், அது பல நேரங்களில் வேலியடைத்த சின்ன வளாகத்துக்குள் சில நிமிடச் சுற்றாகத்தான் இருக்கும். மணல்மேடுகளில் ஓட்டுவது தனிக்கட்டணம். ஆகவே விலையைக் கேட்பதற்கு முன் எத்தனை நிமிடம், திறந்த பாலைவனத்திலா வளாகத்திலா, ஒருவர் ஓட்டும் வண்டியா இருவர் வண்டியா, முன்னால் வழிகாட்டி ஓட்டிப் போவாரா என்று கேளுங்கள். ஹெல்மெட்டும் கண்ணாடியும் வாடகையில் சேர்த்திதானா என்பதையும் கேளுங்கள். பதில்களை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொண்டால் போன இடத்தில் பேரம் பேசும் வேலை இருக்காது. முதல்முறை ஓட்டுகிறவருக்கு அரை மணி நேரம் தாராளமாகப் போதும். கைக் கட்டைவிரலும் தோளும் அதற்குள்ளேயே வலிக்கத் தொடங்கிவிடும். ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டி, பாதியில் சோர்ந்து, அந்தச் சோர்விலேயே வண்டியைக் கவிழ்ப்பதைவிட அரை மணி நேரம் தெளிவாக ஓட்டுவது மேல்.

நிறுவனத்துக்கு துபாய் பொருளாதார, சுற்றுலாத் துறையின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பயணக் காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். பல பாலிசிகள் குவாட் பைக்கைச் சாகச விளையாட்டு என்று சொல்லி விலக்கிவைத்திருக்கும். பைக் கொடுக்கும் இடத்தில் பொறுப்புத் துறப்புப் படிவம் ஒன்றில் கையெழுத்துக் கேட்பார்கள். படிக்காமல் போட வேண்டாம். வண்டி சேதமானால் யார் பொறுப்பு என்பது அதில்தான் எழுதியிருக்கும்.

ரமலான் மாதத்தில் போகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். பல கேம்ப்களில் அந்த மாதம் ஆட்டமும் பாட்டும் இருக்காது. அமைதியை விரும்புகிறவர்களுக்கு அதுவே நல்ல காலம்.

என்ன உடுத்துவது

சேலையும் துப்பட்டாவும் குவாட் பைக்குக்கு ஆகவே ஆகாது. தொங்கும் துணி சக்கரத்திலோ அச்சிலோ சுற்றினால் கழுத்தையே இழுத்துவிடும். பெண்களுக்கு பேன்ட், முழங்கைக்குக் கீழ் வரும் சட்டை, பின்னி உள்ளே செருகிய கூந்தல். ஆண்களும் அரைக்கால் சட்டையைத் தவிருங்கள். சூடான சைலன்சர் கெண்டைக்காலைச் சுடும். காலுக்கு மூடிய ஷூ வேண்டும். தலையில் கட்டும் அரபுத் துணியை, வண்டி நிற்கும் கடையில் 'ஃப்ரீ சார்' என்று சொல்லிக் கட்டிவிட்டுப் பிறகு காசு கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்றால் தலையைக் கொடுக்குமுன்பே சொல்லிவிடுங்கள். வேண்டுமென்றால் நகரத்துக் கடையில் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அன்றைக்கு மூக்குக் கண்ணாடிக்கு மாறுவது நல்லது. ஜனவரியில் இரவு நேரத்தில் பாலைவனம் நன்றாகவே குளிரும். ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் எடுத்து வையுங்கள். போனை ஜிப் வைத்த பைக்குள் போடுங்கள்.

குவாட் பைக்: ஏறுவதிலிருந்து இறங்குவது வரை

இது நாலு சக்கர வண்டி என்பதால் கவிழாது என்று நினைத்துத்தான் பலரும் ஏறுகிறார்கள். ஆனால் குவாட் பைக் விபத்துகளில் மோசமானவை வண்டி உருண்டு ஓட்டுபவர் மேலேயே விழும் விபத்துகள். எடை இருநூறு கிலோவுக்கு மேல். மேலே கம்பிக்கூடு இல்லை, பெல்ட் இல்லை. கம்பிக்கூடும் பெல்ட்டும் ஸ்டீயரிங்கும் உள்ளது டியூன் பக்கி என்னும் வேறு வண்டி. வாடகை அதிகம், ஆனால் ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போக நினைப்பவர்களும் அதையே எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர்களுக்கான குவாட் பைக்கை ஓட்டக்கூடாது என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் நெடுநாளாகச் சொல்லிவருகிறது. கடைக்காரர் ஒத்துக்கொள்கிறார் என்பதற்காக நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒருவர் வண்டியில் இருவர் ஏறுவதும் கூடாது.

ஏறியதும் முதலில் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். வலது கட்டைவிரலால் அழுத்தும் சின்ன நெம்புகோல்தான் ஆக்சிலேட்டர். நம் ஊர் பைக்கைப்போல் கைப்பிடியை முறுக்குவது இதில் இல்லை. பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும்போது கட்டைவிரலும் சேர்ந்து அழுத்திவிடும், வண்டி பாய்ந்துவிடும். புதியவர்களுக்கு நேரும் தவறுகளில் முதலாவது இதுதான். பிரேக் எங்கே, அவசரத்தில் இன்ஜினை அணைக்கும் சிவப்பு ஸ்விட்ச் எங்கே என்று பார்த்து, சமதளத்தில் நாலைந்து முறை ஓட்டி நிறுத்திப் பழகிய பிறகே மேட்டுப் பக்கம் திரும்புங்கள்.

மணல்மேட்டுக்கு இரண்டு முகங்கள் உண்டு. காற்று வரும் பக்கம் சரிவு மெதுவாக ஏறும். மறுபக்கம் மணல் தன் எடையிலேயே சரிந்து நிற்கும் செங்குத்தான இறக்கம், ஏறத்தாழ 33 டிகிரி. மெதுவான பக்கத்தில் ஏறிக்கொண்டிருப்பவர் கண்ணுக்கு அந்த இறக்கம் தெரியவே தெரியாது. வேகமாக ஏறி உச்சியைத் தாண்டினால் வண்டி அந்தரத்தில் போகும். ஆகவே உச்சிக்குச் சற்று முன்னால் வேகத்தைக் குறைத்து, வழிகாட்டி எந்தப் பக்கம் இறங்கினார் என்று பார்த்து, அவர் சக்கரத் தடத்திலேயே போங்கள். அஸ்தமன நேரத்தில் பைக் வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதும் இதற்காகத்தான். வெளிச்சம் மங்கியதும் மேடும் பள்ளமும் ஒரே நிறமாகிவிடும்.

ஏறும்போது உடம்பை முன்னால் சாய்த்து நேராக ஏறுங்கள். இறங்கும்போது பின்னால் சாய்ந்து நேராக இறங்குங்கள். சரிவில் குறுக்கே ஓட்டினால் வண்டி பக்கவாட்டில் உருளும். இறக்கத்தில் முன்பிரேக்கைச் சடாரென்று பிடிக்க வேண்டாம். பாதி ஏறிய மேட்டில் வண்டி திணறினால் அங்கேயே திருப்ப முயலாதீர்கள். பிரேக்கைப் பிடித்து நிறுத்திவிட்டுக் கையைத் தூக்குங்கள், வழிகாட்டி வருவார். சக்கரம் புதைந்தால் ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த இன்னும் ஆழமாகப் புதையும். எந்தச் சூழ்நிலையிலும் காலைத் தரையில் ஊன்றாதீர்கள். நம் ஊர் பைக்கில் சாயும்போது காலை ஊன்றும் பழக்கம் நமக்கு இரத்தத்தில் ஊறியது. இங்கே ஊன்றினால் பின்சக்கரம் காலின் மேல் ஏறும்.

ஓட்டும் வழியில் தனித்து நிற்கும் மரங்களைப் பார்ப்பீர்கள். அமீரகத்தின் தேசிய மரமான காஃப் அது. விருத்தாசலம் கோயிலின் தலமரமான வன்னியும் அதே இனம்தான். அதன் கன்றுகளும் சுற்றியுள்ள புதர்களும்தான் மணலைப் பிடித்துவைத்திருக்கின்றன. சுற்றிப் போங்கள், மேலேற்றாதீர்கள்.

காரில் மணல்மேடு ஏறுதல்

டியூன் பேஷிங் என்னும் இந்த ஓட்டத்துக்குமுன் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி டயர்களில் காற்றை இறக்குவார். 35 பிஎஸ்ஐ அளவில் இருப்பதை ஏறக்குறைய 15க்குக் கொண்டுவருவார்கள். டயர் தட்டையாகி அதிக இடத்தில் அழுந்துவதால் மணலில் புதையாது. காற்று இறக்க வண்டி நிற்கும் அந்த இடைவேளையில்தான் பலர் குவாட் பைக் ஓட்டுகிறார்கள், நீங்களும் அப்போதே முடித்துவிடலாம்.

கர்ப்பிணிகள், முதுகு, கழுத்து வலி உள்ளவர்கள், இதயநோயாளிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கைக்குழந்தைகள் இதில் ஏறக்கூடாது. அவர்களை நேராகத் தார்ச்சாலை வழியாகக் கேம்புக்குக் கொண்டுபோய் விடும் ஏற்பாட்டை முன்பதிவின்போதே கேளுங்கள், பல நிறுவனங்கள் செய்துதரும். மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கே, கொஞ்சமாக. வாந்தி வரும் உடம்பென்றால் டாக்டரைக் கேட்டு மாத்திரை போட்டுக்கொண்டு முன்சீட்டில் உட்காருங்கள். ஆனால் அவோமின் போன்ற மாத்திரைகள் தூக்கத்தை வரவழைப்பவை. மாத்திரை போட்டவர் அன்றைக்குக் குவாட் பைக் ஓட்டக்கூடாது. இரண்டில் ஒன்றுதான். குமட்டல் தொடங்கியதுமே ஓட்டுநரிடம் சொல்லுங்கள். 'பாய், மெதுவாக' என்றால் போதும், அவர்கள் தினமும் கேட்கும் சொல்தான் அது.

கேம்பில்

வாசலில் பேரீச்சம்பழமும் கஹ்வாவும் கொடுப்பார்கள். ஏலக்காய் மணக்கும் இந்த அரபுக் காப்பியில் பாலும் சர்க்கரையும் இருக்காது, பேரீச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். வலது கையில் வாங்குங்கள். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்டினால் ஊற்றுவதை நிறுத்துவார்கள்.

ஒட்டகம் எழும்போது முதலில் பின்கால்களைத் தூக்கும், மேலே இருப்பவர் முன்னால் சரிவார். உட்காரும்போது முன்கால்களை மடக்கும், அப்போதும் முன்னால்தான் சரிவார். இரண்டு வேளையும் பின்னால் சாய்ந்து பிடியை இறுக்குங்கள். சவாரி சில நிமிடங்கள்தான், வரிசை நீளும் முன் போய்விடுங்கள். மருதாணி இலவசமா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள். 'கறுப்பு மருதாணி' வேண்டாம், அதில் கலக்கும் ரசாயனம் தோலைப் புண்ணாக்கும்.

விருந்து பஃபேதான். சுட்ட கோழி, ஆட்டுக் கபாப், ஹம்மூஸ், குபூஸ், சோறு, சாலட். கேம்ப்களில் பரிமாறப்படும் இறைச்சி ஹலால். சைவர்களுக்குப் பருப்பும் காய்கறியும் இருக்கும், ஆனால் கரண்டிகள் கலந்துவிடும். சுத்த சைவம் என்றால் தனியாக எடுத்துவைக்கச் சொல்லி முன்பதிவிலேயே எழுதுங்கள், வரிசையில் முதலில் நில்லுங்கள். சுட்டதைச் சூடாகச் சாப்பிடுங்கள், ஆறிய கோழி வேண்டாம். பிறகு எகிப்திலிருந்து வந்த தனூரா சுழலாட்டமும் நெருப்பு வித்தையும் நடக்கும். இதற்கெல்லாம் முன்வரிசை வேண்டாம், பத்தடி பின்னால் உட்கார்ந்தால் குழந்தைகள் பயப்படாமல் பார்க்கலாம். திரும்பும் வழி தார்ச்சாலை என்பதால் வயிறு நிறையச் சாப்பிடத் தடையில்லை. அவசரம் எதுவும் நேர்ந்தால் ஆம்புலன்ஸுக்கு 998, போலீசுக்கு 999.

கிளம்புமுன் உங்கள் தண்ணீர் பாட்டில், பிஸ்கட் உறை, டிஷ்யூ எல்லாவற்றையும் பொறுக்கிக் காரிலேயே எடுத்துவந்துவிடுங்கள். துபாயின் மத்திய கால்நடை ஆய்வுக்கூட மருத்துவர்கள் இறந்த ஒட்டகங்களின் வயிற்றைத் திறந்து, கல்லாக இறுகிய பிளாஸ்டிக் உருண்டைகளை எடுத்திருக்கிறார்கள். காற்றில் பறந்துவரும் பையை ஒட்டகம் தீனி என்றே நினைத்துத் தின்கிறது. உங்கள் குடும்பத்தின் குப்பை ஒன்றுகூட அந்த மணலில் கிடக்க விடாதீர்கள்.