விளையாட்டுச் செய்தி வழியே ஆங்கிலச் சொற்கள்

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு ஆங்கிலம் வெறும் பள்ளிப் பாடம் அன்று. வங்கியிலும், பிள்ளையின் ஆசிரியரிடமும், வீட்டுக்காரரிடமும் உள்ளூர் மொழி கைகொடுக்காதபோது அதுதான் துணை. அகராதியை மனப்பாடம் செய்து அதைப் பெற முடியாது. நாளிதழின் விளையாட்டுப் பக்கம் நல்ல ஆசிரியர். அங்கே சொல்லுக்குப் பக்கத்திலேயே ஸ்கோரும் இருக்கும்; ஸ்கோரே பொருளைச் சொல்லிவிடும்.

1936 பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி இறுதியாட்டத்தில் இந்தியா ஜெர்மனியை 8-1 என்று வென்றது. இத்தகைய வெற்றிக்கு ‘த்ராஷ்’ என்பார்கள், துவைத்து எடுப்பது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ், டிங் லிரெனை 7.5-6.5 என்று வென்று உலகச் சதுரங்கப் பட்டம் பெற்றார். இங்கே ‘எட்ஜ்’ பொருந்தும்; மயிரிழையில் முந்துவது. இரண்டும் வெற்றிதான், அளவுதான் வேறு.

‘டிரா’, ‘டை’ இரண்டையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். டெஸ்ட் ஆட்டம் முடிவு காணாமல் நேரம் முடிந்தால் ‘டிரா’. ஆட்டம் முழுவதும் முடிந்து ஓட்டங்கள் சமமானால் ‘டை’. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மொத்தம் 744 ஓட்டங்கள் வீதம் எடுத்து நின்றது ‘டை’.

இனி ஒரு சின்னச் சொல்: ‘பை’. 1983 உலகக் கோப்பை இறுதியில் இந்தியா 183, மேற்கிந்தியத் தீவுகள் 140. ‘பை 43 ரன்ஸ்’ வெற்றி என்று எழுதுவார்கள். அதாவது, வித்தியாசம் 43. இதை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வீட்டுக்காரர் கடிதத்தில் வாடகை ‘பை 500’ உயர்கிறது என்றிருந்தால், பழைய வாடகையோடு 500 ரூபாய் கூடுகிறது. ‘டு 5,000’ என்றிருந்தால், புதிய வாடகையே 5,000 ரூபாய். ‘பை’ வித்தியாசத்தையும் ‘டு’ சென்று சேரும் இடத்தையும் காட்டும். இது தெரியாவிட்டால் நஷ்டம் நமக்கே.

ஓர் எச்சரிக்கை. ‘வின்ஸ்’ என்று இல்லாமல் ‘இந்தியா வின்’ என்றே பல செய்தித்தாள்கள் எழுதும். பதினொரு பேர் கொண்ட அணியைப் பன்மையாகக் கொள்வது விளையாட்டுப் பக்கத்தின் வழக்கம். நாட்டைக் குறிக்கும்போது இந்தியா ஒருமைதான். தேர்வு எழுதும் பிள்ளைகள் இதை மறக்கக் கூடாது.

பயிற்சி எளிது. தினம் ஒரு செய்தி போதும். முதலில் ஸ்கோரைப் பாருங்கள். பிறகு தலைப்பின் வினைச்சொல்லுக்குப் பொருளை ஊகியுங்கள். கடைசியில்தான் அகராதி. அந்தச் சொல்லை வைத்து வீட்டு விஷயமாக ஒரு வாக்கியம் நோட்டில் எழுதுங்கள். பிள்ளை வாசிக்க, அம்மா ஊகிக்கலாம். மறுநாள் முறை மாறட்டும். நாளுக்கு இரண்டு சொல் என்றாலும் ஆண்டில் எழுநூறு சொற்கள் நம் கைவசம்.