ரிப்போர்ட்டில் ஒன்றும் வரவில்லையா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. நன்றாக நடந்தவன், 3 வயதுக்குப் பிறகு தடுமாறி விழ ஆரம்பித்தான். இப்போது பேச்சும் குழறுகிறது. மதுரை, திருச்சி என்று அலைந்தோம். எம்ஆர்ஐ எடுத்தோம், ‘எக்ஸோம்’ என்ற மரபணுச் சோதனையும் செய்தோம். காரணம் தெரியவில்லை என்றே வந்தது. என் வீட்டுக்காரர் எனக்கு அயித்தை மகன். சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று வீட்டில் பேச்சு. இனி எங்கே போவது? அடுத்த குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் அம்மா. பழுதான மரபணு ஒன்றிரண்டு எல்லோரிடமும் உண்டு. ஒரே பழுது தாய், தந்தை இருவரிடமிருந்தும் சேர்ந்து வரும்போதுதான் இவ்வகை நோய்களில் பல வெளிப்படுகின்றன. உங்களுக்குள் இருக்கும் சொந்தம் டாக்டருக்கு நல்ல துப்பு. அத்தை மகன், மாமன் மகளுக்குப் பிறந்த பிள்ளையின் மரபணுத் தொகுதியில் சராசரியாக 16-ல் ஒரு பங்கு இரு பக்கமும் அச்சாக ஒன்றாக இருக்கும். தேடலை அங்கே தொடங்கலாம். அதனால் உறவுமுறையை மறைக்காமல் சொல்லுங்கள். மூன்று தலைமுறைக்கு வம்சப் படம் போடுங்கள். சின்ன வயதில் தவறிய பிள்ளைகள், நடக்க முடியாமல் வீட்டோடு இருந்தவர்கள் என்று பேச்சில் வராதவர்களையும் ஆச்சியிடம் கேட்டு எழுதுங்கள். நகரத்தார் வீடென்றால் கோயில் ‘புள்ளி’ (குடும்பக் கணக்கு) பதிவும் உதவும்.

மகன் வளவில் நடப்பதைப் போனில் படம் பிடியுங்கள். காலையில், களைத்த சாயங்காலத்தில், காய்ச்சல் வந்த நாளில் என்று தனித்தனியாக எடுங்கள். காய்ச்சலில் தடுமாற்றம் கூடினால் அதுவே ஒரு தடயம்.

எக்ஸோம் சோதனை மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 1 முதல் 2 சதவீதத்தைத்தான் படிக்கிறது. நோய்க்குக் காரணமான மரபணுக்கள் புதிது புதிதாகத் தெரியவருவதால், இன்று புரியாத ரிப்போர்ட் ஓரிரு வருடத்தில் புரியலாம். லேபில் மூலத் தரவைக் கேட்டு வாங்கி வையுங்கள். மறுபடி ஆராயச் சொல்லுங்கள். பையன் ரத்தம் மட்டும் கொடுத்திருந்தால் உங்கள் இருவர் ரத்தத்தையும் கொடுங்கள். 10,000 இந்தியர்களின் மரபணுத் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. ஐரோப்பியத் தரவில் அபூர்வமாகத் தெரியும் மாற்றம் நம்மிடம் சாதாரணமா என்று இனி ஒப்பிடலாம்.

சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அரிய நோய்களுக்கான உயர்சிறப்பு மையங்களில் ஒன்று. வேலூர் சிஎம்சியிலும் மரபியல் பிரிவு உண்டு. அங்கே ‘வைட்டமின் இ அளவு பார்த்தாயிற்றா’ என்று கேளுங்கள். அதன் குறைபாட்டால் வரும் பரம்பரைத் தடுமாற்றத்துக்கு மருந்து இருக்கிறது.

2021 தேசிய அரிய நோய்க் கொள்கையின்படி 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். ஆனால் பட்டியலில் உள்ள நோய்க்குத்தான். பெயர் தெரியாத நோயைத் தேடும் செலவையும் அரசு ஏற்க வேண்டும். இது என் உறுதியான கருத்து. அமெரிக்கா 2008-லேயே கண்டறியப்படாத நோய்களுக்கெனத் தனித் திட்டம் தொடங்கிவிட்டது.

அடுத்த குழந்தை பற்றி: முதலில் சொன்னபடி, இருவரிடமிருந்தும் பழுது சேர்ந்து வரும் வகை நோயென்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. மரபணு தெரிந்துவிட்டால் 11-வது வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடியில் மாதிரி எடுத்துச் சோதிக்கலாம். அதனால் கருத்தரிக்கும் முன்பே மரபியல் டாக்டரைப் பாருங்கள்.