வலிக்கு பெப்டைட் ஊசியா? பில்லைப் போட்டுப் பார்ப்போம்

விருத்தாசலம் செராமிக் யூனிட்ல வேலைன்னா நாள் முழுக்க குனியணும், தூக்கணும். இடுப்பு வலி வராம இருக்குமா? அப்பதான் மொபைல்ல "பிபிசி-157" விளம்பரம் வரும்.

நான் சிஏ, டாக்டர் இல்லை. ஆனா "வவுச்சர் எங்கே?"ன்னு கேட்கிறது என் தொழில். இந்த 15 அமினோ அமில பெப்டைடுக்கு ஆதாரம் பெரும்பாலும் எலி ஆய்வுகள்தான். மனிதர்கள்ல நடந்தவை ரொம்பக் கொஞ்சம், அதுவும் சின்னவை. 2022-லிருந்து விளையாட்டு வீரர்களுக்கு வாடா தடை. 2023-ல் அமெரிக்க எஃப்டிஏ, நோய் எதிர்ப்பு மண்டல பாதிப்பு, கலப்பு அசுத்தம்னு எச்சரிச்சது. ஆன்லைன்ல விக்கிற பல குப்பிகள்ல "ஆராய்ச்சிக்கு மட்டும்"னே போட்டிருக்கும்!

பெப்டைட்னாலே மோசடின்னு சொல்ல வரலை. கடல் நத்தை விஷத்திலிருந்து உருவான சைகோனோடைட், 2004-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கின வலி மருந்து. ஆனா அது தண்டுவட திரவத்துல பம்ப் மூலமா போகுது, தீவிர மனநலப் பாதிப்பு எச்சரிக்கையோட.

சரி, பணம். மாசம் 6,000 ரூபாய்னு வச்சுக்கோங்க, ஆறு மாசத்துக்கு 36,000. ஹெல்த் பாலிசியில "நிரூபிக்கப்படாத சிகிச்சை" விலக்கு இருக்கும் (கோட் எக்ஸ்எல் 16), கிளெய்ம் கிடைக்காது. 80டி-யும் உங்க வயசுக்கு பிரீமியம், பரிசோதனைக்குத்தான். ஊசிச் செலவுக்கு இல்லை.

சம்பளம் 21,000-க்குள்ளயா? பேஸ்லிப்பைப் பாருங்க. 20,000 சம்பளத்துக்கு இஎஸ்ஐ 0.75%, அதாவது 150 ரூபாய் ஏற்கனவே போகுது. டிஸ்பென்சரி போனா எலும்பு டாக்டருக்கு ரெஃபர் பண்ணுவாங்க. டாக்டர் ரெஸ்ட் எழுதினா, ஆறு மாசப் பங்களிப்புக் காலத்துல 78 நாளுக்குப் பணம் பிடிச்சிருந்தா, வருஷத்துக்கு 91 நாள் வரை 70% சம்பளம் கிடைக்கும்.