வண்டிக்கு அடியில் ‘டொக்’: சத்தத்தைத் துப்பறிவோமா?

மாணவர்களே, பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் பக்கத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. இரவெல்லாம் மழை. செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் செம்மண் சாலை குழம்பாகிக் கிடக்கிறது. மாமா தம்முடைய பிக்கப் வண்டியை நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றி, சேற்றைக் கடந்து, ஒருவழியாகத் தார்ச் சாலைக்கு ஏற்றுகிறார். கோல சிலாங்கூர் பக்கம் வண்டியைத் திருப்பும்போது உங்கள் காலுக்குக் கீழே ‘டொக்!’

“ஷாக் அப்சார்பர் போச்சு” என்கிறார் ஒருவர். “இல்ல, கியர் பாக்ஸ்” என்கிறார் இன்னொருவர். இரண்டையும் மாற்றினால் பல நூறு ரிங்கிட், சில வேளைகளில் ஆயிரத்துக்கும் மேல். அதற்குப் பிறகும் சத்தம் வரலாம். ஏனென்றால் இதுவரை யாரும் வண்டியைச் சோதிக்கவே இல்லை, ஊகம்தான் செய்திருக்கிறார்கள்.

நல்ல மெக்கானிக் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேட்க மாட்டார். “எப்போ வருது தம்பி?” என்றுதான் கேட்பார். அதற்கு இயற்பியல் காரணம் உண்டு. ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. எஃகிலோ நொடிக்கு 5,000 மீட்டருக்கு மேல். வண்டியின் அடிச்சட்டம் முழுவதும் எஃகு. பின்சக்கரத்தருகே எழும் தட்டல் அந்தச் சட்டத்தின் வழியே ஓடி, ஓட்டுநரின் இருக்கைக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்கும். இடத்தைப் பொறுத்தவரை காதை நம்ப முடியாது. நேரத்தைப் பொறுத்தவரை நம்பலாம்.

ஆகவே மாமாவிடம் சில கேள்விகள் கேளுங்கள். குழியில் இறங்கும்போது மட்டும் சத்தம் வருகிறதா? அப்படியானால் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், அவற்றின் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால் பிரேக் பாகங்களிலோ அவற்றைத் தாங்கும் இடத்திலோ ஆட்டம் இருக்கலாம். நின்றபடி ஸ்டியரிங்கைத் திருப்பினாலே வந்தால் முன்சக்கர மூட்டுகளைப் பார்க்க வேண்டும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. அங்குள்ள பந்து மூட்டு கழன்றால் முன்சக்கரம் சாய்ந்துவிடும்.

ஸ்பேனரைக் கையில் எடுக்குமுன் ஒரு முறை குனிந்து பாருங்கள். பிக்கப் வண்டிகளின் உபரிச் சக்கரம் பெரும்பாலும் பின்பக்கம் அடியில் சங்கிலியில் தொங்குகிறது. அது தளர்ந்தாலே போதும், பெரிய பழுது போலச் சத்தம் கொடுக்கும். ஆடும் புகைக்குழாய், இருக்கைக்குப் பின்னால் உருளும் ஜாக்கி, அடித்தகட்டில் சிக்கிய கல், இவையும் பலரைப் பட்டறை வரை ஓட வைத்திருக்கின்றன.

சத்தம் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் கணக்கு கைகொடுக்கும். டயரின் விட்டம் 75 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு ஏறக்குறைய 2.36 மீட்டர். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 2.78 மீட்டர். 2.78-ஐ 2.36-ஆல் வகுத்தால் சக்கரம் நொடிக்குச் சுமார் 1.2 முறை சுழல்கிறது என்று தெரியும். பத்து நொடிக்கு 12 முறை. ஆனால் கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் நீண்ட உந்து தண்டு இன்னும் வேகமாகச் சுழலும். பின் அச்சிலுள்ள பற்சக்கரங்கள் அதன் வேகத்தை ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறைத்துத்தான் சக்கரத்துக்குத் தருகின்றன. எனவே தண்டு பத்து நொடிக்கு 47 முறை சுழலும். ஆளில்லாத தோட்டச் சாலையில் மாமா 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டட்டும். பக்கத்தில் அமர்ந்திருக்கும் நீங்கள் கைப்பேசியில் பதிவு செய்து பிறகு எண்ணுங்கள். 12-ஐ ஒட்டி வந்தால் குற்றவாளி சக்கரத்தோடு சுழல்கிறது. 47-ஐ ஒட்டி வந்தால் உந்து தண்டோடு சுழல்கிறது. ஒரு பாகத்தைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் பாதி வண்டி சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது!

உந்து தண்டுதான் என்று தெரிந்தால் அதன் இரு முனைகளையும் கவனியுங்கள். குழியில் சக்கரம் ஏறி இறங்க, பின் அச்சும் ஏறி இறங்கும். தண்டு வளைந்துகொடுக்க வேண்டும், சுழலவும் வேண்டும். சிலுவை வடிவத் துண்டைக் கொண்ட யூனிவர்சல் ஜாயிண்ட் இதைச் சாத்தியமாக்குகிறது. ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக், சூரியனைப் பார்க்கும் கருவிகளைப் பற்றி 1676-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய மூட்டை விவரித்திருக்கிறார். ஸ்பிரிங்கின் நீட்சி விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று நீங்கள் படிக்கும் ஹூக் விதியும் அவருடையதே. பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் அவருடைய விதியும் மூட்டும் ஒரே சமயத்தில் வேலை செய்கின்றன!

இந்தச் சிலுவையின் நான்கு முனைகளிலும் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கிரீஸில் நனைந்தபடி இருக்கும். நம் பகுதியில் அவற்றுக்கு ஆயுள் குறைவு. ஜெரம் பக்கம் கடலோரக் களிமண். ராஜா மூசா பக்கம் கரிச்சதுப்பு நிலம், அங்குள்ள கறுப்பு நீர் அமிலத்தன்மை கொண்டது. நீரும் சேறும் அடைப்பைத் தாண்டி உள்ளே புகுந்தால் கிரீஸ் கழுவப்படும், துரு பிடிக்கும், உருளைகள் தேய்ந்து இடைவெளி உண்டாகும். ஓட்டுநர் எண்ணெயை மிதித்ததும் தண்டு அந்த இடைவெளியைக் கடந்து மறுபக்கத்தை இடிக்கும். ‘டொக்’. காலை எடுத்ததும் எதிர்ப்பக்கம். மறுபடியும் ‘டொக்’. முறுக்குவிசை திசை மாறும் ஒவ்வொரு முறையும் இந்த இடி நிகழ்கிறது. அதனால்தான் சீரான வேகத்தில் போகும்போது வண்டி அமைதியாகவே இருக்கும்.

வண்டி நின்ற மறுநொடியில் பின்னாலிருந்து யாரோ மெல்ல இடித்ததுபோல ஒரு சத்தம் வந்தால், தண்டு நீண்டு சுருங்குவதற்காக உள்ள வரிப்பள்ளங்கள் உலர்ந்திருக்கலாம். அதற்கு நிப்பிள் வழியே கிரீஸ் அடித்தாலே பல வண்டிகளில் தீர்ந்துவிடும். தண்டைக் கழற்ற வேண்டியிருந்தால், எந்தப் பக்கம் எதோடு பொருந்தியிருந்தது என்று முதலில் வெள்ளைச் சாயத்தால் அடையாளமிட வேண்டும். ஒரு யூனிவர்சல் ஜாயிண்ட் 15 பாகை வளைந்து சுழலும்போது மறுபக்கத்தின் வேகம் ஒரே சுற்றில் இருமுறை சுமார் 3.5 விழுக்காடு கூடிக் குறையும். மறுமுனையிலுள்ள மூட்டு அந்த ஏற்ற இறக்கத்தைச் சரிக்கட்டுகிறது. தண்டின் இரு பாதிகளையும் தவறான கோணத்தில் பொருத்தினால் சத்தம் போய் அதிர்வு வந்து சேரும்.

இப்போது மாமாவின் வண்டிக்கு வருவோம். அவருடைய சத்தம் செம்மண் சாலையில் வரவில்லை. தார்ச் சாலையில், அதுவும் திரும்பும்போதுதான் வந்தது. இந்தத் தடயத்தைப் புரிந்துகொள்ள உங்கள் சைக்கிள் போதும். மழைநீர் தேங்கிய இடத்தில் ஓட்டி, காய்ந்த சிமெண்டுத் தரையில் வட்டமாகத் திருப்புங்கள். இரண்டு ஈரக் கோடுகள் விழும். முன்சக்கரத்தின் கோடு எப்போதும் வெளிப்பக்கம் இருக்கும். அதாவது, முன்சக்கரம் அதிக தூரம் போகிறது.

எவ்வளவு அதிகம்? பிக்கப் வண்டியின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர் இருக்கட்டும். பின் அச்சின் நடுப்பகுதி 6 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது. பிதாகரஸ் தேற்றப்படி முன் அச்சின் ஆரம் 36-ஐயும் 9-ஐயும் கூட்டினால் வரும் 45-இன் வர்க்கமூலம், அதாவது 6.7 மீட்டர். கால் வட்டத்தில் பின்பக்கம் 9.4 மீட்டரும் முன்பக்கம் 10.5 மீட்டரும் போகும். வித்தியாசம் 1.1 மீட்டர். சக்கரக் கணக்கில் ஏறக்குறைய அரைச் சுற்று. உந்து தண்டுக் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு சுற்று!

இரண்டு சக்கர இயக்கமான 2எச்-இல் இதனால் தொல்லை இல்லை. முன்சக்கரங்கள் தம் விருப்பப்படி சுழலும். ஆனால் தோட்டங்களில் ஓடும் பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் 4எச் போட்டதும் முன்தண்டும் பின்தண்டும் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். அந்த இரண்டு சுற்று வித்தியாசம் எங்கே போவது? சேற்றில் டயர் வழுக்கும். வித்தியாசம் சத்தமின்றிக் கரையும். காய்ந்த தாரில் டயர் வழுக்க மறுக்கும். தண்டுகளும் பற்சக்கரங்களும் முறுக்கிய துண்டைப்போல இறுகும். கடைசியில் ஏதோ ஒரு டயர் பிடி விட்டு நழுவ, சேர்ந்திருந்த ஆற்றல் மொத்தமாக விடுபடும். அதுதான் அந்த ‘டொக்’.

மாமா 4எச்-இலிருந்து 2எச்-க்கு மாற்ற மறந்திருக்கிறார்! இன்னும் எந்தப் பாகமும் கெடவில்லை. நெம்புகோல் உடனே விடுபடாவிட்டால், நேராகச் சிறிது தூரம் பின்னால் ஓட்டினால் இறுக்கம் தளரும். இதே நிலையில் தார்ச் சாலையில் தினமும் ஓட்டிக்கொண்டிருந்தால்தான் உண்மையான பழுது வரும். (இரு அச்சுகளுக்கும் இடையே வேக வித்தியாசத்தை அனுமதிக்கும் நடு டிஃபரென்ஷியல் கொண்ட வண்டிகளும் உண்டு. அவற்றை அந்தப் பூட்டைப் போடாதவரை தார்ச் சாலையில் நான்கு சக்கரத்திலும் ஓட்டலாம்.)

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வண்டிக்கும் அடியில் போகாதீர்கள். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கியதும் டிஃபரென்ஷியல் தன் வேலையைக் காட்டும். உந்து தண்டு அசையாமல் நின்றாலும், தூக்கிய சக்கரம் ஒரு திசையில் சுழல, தரையிலுள்ள மறுசக்கரம் எதிர்த்திசையில் உருள முடியும். ஆகவே 2எச்-இல் உள்ள வண்டியைக் கியரில் விட்டிருந்தாலும் அது நகரலாம். 1948-இல் அறிமுகமான லேண்ட் ரோவரின் பழைய வகைகளில் ஹேண்ட்பிரேக்கே உந்து தண்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரம் மேலே போனால் அந்தப் பிரேக்கால் பயனில்லை. சமதரை, தரையிலுள்ள சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை, அடிச்சட்டத்துக்குக் கீழே உறுதியான இரும்புத் தாங்கிகள், சாவி உங்கள் சட்டைப் பையில், பக்கத்தில் பெரியவர் ஒருவர். இவை அனைத்தும் தயாரான பிறகு உந்து தண்டைக் கையால் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். ஒரு கையை மூட்டின் மேல் வையுங்கள். சிலுவைக்கும் கவ்விக்கும் இடையே மெல்லிய ஆட்டம் இருந்தாலும் விரல் உணரும். நல்ல மூட்டில் அந்த இடத்தில் ஆட்டமே இருக்காது.