எந்த வார்த்தைக்கு ஆட்டோ, எந்த வார்த்தைக்குப் பர்ஸ்?

லேப்ரடார் குட்டி வீட்டுக்கு வந்தாச்சா, சந்தோசம். இனி ரெண்டு பேர் உன்கிட்டே மாறி மாறிப் பேசுவாங்க: ஒருத்தர் டாக்டர், இன்னொருத்தர் பெட் ஷாப்காரர். ரெண்டு பேர் வாயிலும் இங்கிலீஷ்தான் வரும். டாக்டர் சொல்வதில் சிலதைக் கேட்டால் உடனே ஆட்டோ பிடிக்கணும். கடைக்காரர் சொல்வதில் பலதைக் கேட்டால் பர்ஸை மூடிக்கணும். இதை மாத்திச் செய்யாம இருந்தா போதும் மக்கா.

முதல்ல பர்ஸ் சங்கதியை முடிச்சிருவோம். 'டபுள் போன் லேப்' என்று சொல்லிக் கூடக் காசு கேட்பாங்க. எந்த நாய்க்கும் ரெட்டை எலும்பு கிடையாது. கொஞ்சம் தடிச்ச உடம்பு, அவ்வளவுதான். பெர்ஷியன் பூனைக்கு 'பன்ச் ஃபேஸ்' என்பாங்க. மூக்கு உள்ளே அமுங்கின பூனை அது. பார்க்க அழகுதான், ஆனா எப்பவும் கண்ணில் தண்ணி வடியும், மூச்சு இழுக்கும், நம்ம ஊர்ப் புழுக்கம் அதுக்கு ஆகாது. 'கே.சி.ஐ. பேப்பர்' என்பது கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் குட்டியோட வம்சத்தைப் பதிஞ்ச சீட்டு. உடம்பு நல்லா இருக்குங்கிறதுக்கு அது சாட்சி இல்லை. மைக்ரோசிப்பும் அப்படித்தான். தோலுக்கடியில் வைக்கிற 15 இலக்க நம்பர் அது; நாய் தொலைஞ்சா எங்கே நிக்குன்னு போனில் காட்டாது. அப்புறம் 'கிரெயின் ஃப்ரீ', தானியம் சேர்க்காத தீனி. நாய்க்கு சோறு நல்லாவே செரிக்கும், இதுக்கு என்னத்துக்குக் கூடக் காசு? கால்சியம் டானிக்கையும் டாக்டர் எழுதாம வாங்காதே. பெரிய ஜாதிக் குட்டிக்கு பப்பி தீனியிலேயே வேண்டிய அளவு இருக்கும், மேலே ஊத்தினா எலும்பு வளர்ச்சிதான் கெடும்.

இனி தடுப்பூசிப் புத்தகத்தை எடு. 'நைன் இன் ஒன்' போட்டாச்சுன்னு வித்தவர் சொன்னால் அதோட விட்டுராதே. டிஸ்டெம்பர், பார்வோ, ஹெபடைடிஸ், லெப்டோ மாதிரி நோய்களுக்கான கூட்டு ஊசி அது. வெறிநாய்க்கடி ஊசி பெரும்பாலும் அதில் சேராது, 'ஏ.ஆர்.வி.' என்று தனி ஸ்டிக்கர் இருக்கணும். கூட்டு ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பிச்சு, மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா, நாலு மாசம் வரை திரும்பப் போடுவாங்க. ஒரே ஊசியை ஏன் இத்தனை தடவைன்னு கேட்பே. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டி உடம்பில் இருக்கிற வரைக்கும் ஊசியை அது வேலை செய்ய விடாது. அது எந்த வாரம் தீரும்னு யாருக்கும் தெரியாது. அதனாலதான் 'பூஸ்டர்'. ஏ.ஆர்.வி. மூணு மாசத்தில் தொடங்கும், பிறகு வருஷா வருஷம். ஸ்டிக்கரில் பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் இருக்கான்னு பாத்துக்கோ. வெறும் கையெழுத்து மட்டும் இருந்தா நம்பாதே.

பூஸ்டர் முடியுமுன்னே குட்டி வாந்தி எடுத்து, நாத்தமா ரத்தபேதி போனால் அது பார்வோவா இருக்கலாம். அது ஆட்டோ வார்த்தை. ராத்திரி ஆனாலும் விடியட்டும்னு காத்திருக்காதே.

நம்ம ஊர்க்காரங்க கட்டாயம் தெரிஞ்சு வைக்கவேண்டிய வார்த்தை 'டிக் ஃபீவர்', உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிக்கும்போது எர்லிச்சியா, பபேசியா என்ற கிருமிகள் ரத்தத்தில் ஏறும். எர்லிச்சியா வந்தால் பிளேட்லெட் இறங்கும். மூக்கில் ரத்தம் வரும், அடிவயித்தில் மயிரில்லாத இடத்தில் சிவப்புப் புள்ளி தெரியும். பபேசியா ரத்த அணுவை உடைக்கும், மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போகும். 'பிளட் ஸ்மியர்' எடுக்கணும்னு டாக்டர் சொன்னால் பயப்படாதே. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்ச்சு மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறதுதான். எர்லிச்சியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை வழக்கமா 4 வாரம். அஞ்சாறு நாளிலேயே நாய் எழும்பி வாலாட்டும். அதைப் பாத்து மாத்திரையை நிறுத்துறவங்கதான் அடுத்த மாசம் திரும்பவும் ஆஸ்பத்திரி வாசலில் நிப்பாங்க. வெறும் வயித்தில் கொடுக்காதே, கக்கிரும்.

இன்னொண்ணு கேட்டியா, நாய் மேல நீ பாக்கிற உண்ணி கொஞ்சம்தான். ரத்தம் குடிச்சு ஊதின பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் வெடிப்பிலும் கதவு நிலை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். கூட்டையும் சுவரையும் விட்டுட்டு நாய்க்கு மட்டும் மருந்து போட்டா ஒரு பிரயோஜனமும் இல்லை. 'ஸ்பாட் ஆன்' சொட்டு மருந்தைப் பிடரியில் மயிரை வகுந்து தோலில் விடணும். முன்னும் பின்னும் ரெண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. நாய்க்கு வாங்கினதைப் பூனைக்குத் தொடவே தொடாதே. சிலதில் பெர்மெத்ரின் இருக்கும், பூனை செத்துப் போகும். பாராசிட்டமாலும் பூனைக்கு விஷம், பாதி மாத்திரைகூட உயிரை எடுக்கலாம்.

நம்ம குமரி மாவட்டத்துக்கு வருஷத்தில் ரெண்டு மழை. ஆடியிலும் ஐப்பசியிலும் வயல் வரப்பு, சானல்கரைன்னு நாயை அவிழ்த்து விட்டால் எலி மூத்திரம் கலந்த தண்ணியில் இருந்து 'லெப்டோ' வரும். நம்ம ஆளுங்க எலிக்காய்ச்சல்னு சொல்லுகது அதுதான். கண்ணு மஞ்சளாகும், மூத்திரம் குறையும். அந்த நாயோட மூத்திரத்தை வெறுங்கையால் துடைக்காதே, நமக்கும் தொத்தும்.

மூக்கு காய்ஞ்சிருக்கு, அதனால காய்ச்சல்னு பெரியவங்க சொல்லுவாங்க. மூக்கை விட்டுரு, டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கு. முனையில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஆசனவாயில் மெதுவா வை. நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி வரை சாதாரணம், நம்ம 98.6-ஐ வச்சுக் கணக்குப் போடாதே. 104-க்கு மேல போனால் கிளம்பு. டாக்டர் சீட்டில் 'சி.ஆர்.டி.' என்று எழுதுவார். ஈறை விரலால் அமுக்கி விட்டால் வெளுக்கும். ரெண்டு நொடிக்குள் சிவப்பு திரும்பணும். திரும்பலையா, ஈறே வெளுத்துக் கிடக்கா, ஆட்டோ. பெரிய நாய் வயிறு உப்பி, ஓக்காளிச்சும் ஒண்ணும் வெளியே வரலையா, அது 'பிளோட்'. ஆண் பூனை மூத்திரம் போக முக்கி முக்கிச் சொட்டு வரலையா, அது 'பிளாக்'. ரெண்டுக்கும் கைவைத்தியம் பாத்து நேரத்தைக் கடத்தாதே.

டிரிப் ஏத்தினபிறகு காலில் பிளாஸ்டர் ஒட்டி நீல மூடியோ மஞ்சள் மூடியோ வச்ச குழாயோட வீட்டுக்கு அனுப்புவாங்க. வென்ஃப்ளான் அது. அதை நனைய விடாதே. பாதம் வீங்கினாலோ சில்லிட்டாலோ உடனே திரும்பிப் போ. தையல் போட்டால் கழுத்துக்குக் 'கோன்'. மூக்கு நுனியைத் தாண்டி நீளணும், கழுத்தில் ரெண்டு விரல் நுழையணும். பாவமா இருக்குன்னு கழட்டினால் ஒரே ராத்திரியில் தையலைப் பிரிச்சிரும். வாய்க்கூடு வாங்கினால் கூடை மாதிரி உள்ளதை வாங்கு. துணியில் தைச்சது வாயை இறுக்கும், நாய் இரைக்க முடியாது. வெயிலில் இரைச்சுத்தான் அது உடம்புச் சூட்டைத் தணிக்கும்.

நாய் கடிச்சா, அது உன் நாயே ஆனாலும், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு ஒண்ணும் வைக்காதே. ஓடுற தண்ணியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமோ ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜோ போ. தொப்புளைச் சுத்தி 14 ஊசிங்கிற பழைய பயம் இப்போ வேண்டாம். கையில்தான் போடுவாங்க, 0, 3, 7, 28-ம் நாள் என்று சீட்டில் குறிச்சுத் தருவாங்க, அதில் ஒண்ணையும் விடாதே. ரத்தம் வந்த கடின்னா காயத்தைச் சுத்தி 'இம்யூனோகுளோபுலின்' போடணுமான்னு நீயே கேளு. வெறிநோய் கண்டபிறகு வைத்தியம் கிடையாது.

கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962, போனில் போட்டு வை. இங்கே முடியாத கேஸை டாக்டர் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு 'ரெஃபர்' பண்ணுவார். பழைய சீட்டு, ரத்த ரிப்போர்ட், ஊசிப் புத்தகம் எல்லாத்தையும் ஒரே பையில் எடுத்துட்டுப் போ. மயக்க மருந்து கொடுக்கிற வேலையா இருந்தா எத்தனை மணியில் இருந்து பட்டினி போடணும்னு கேட்டு, அதை அம்மைக்கும் சொல்லி வை. ஒளிச்சு ஒளிச்சு பிஸ்கட் போடுகது அவதான்.