டி செல் ரத்தப் புற்றுநோய் ஒன்றல்ல

டி செல் ரத்தப் புற்றுநோய் என்றால் ஒரே நோய்தான், ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே தெரிந்துவிடும், எப்படியும் கீமோதானே என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கண் மட்டும் இங்கே போதாது. வைரஸால் பெரியவர்களுக்கு வரும் டி செல் லுகேமியாவில் செல்லின் உட்கரு பூவிதழ்போல் பிளந்திருக்கும். மற்றொரு டி செல் புற்றுநோயான செசாரி நோயில் மூளையின் மடிப்புகளைப்போல் சுருங்கியிருக்கும். பாடநூல் படத்தில் வேறுபாடு பளிச்சென்று தெரியும், நோயாளியின் ரத்தத்தில் பல நேரம் தெரியாது. இரண்டுமே சி.டி.4 வகைச் செல்களில் தோன்றுபவை, இரண்டும் தோலைத் தாக்கக்கூடியவை. செல்லின் மேற்பரப்பு அடையாளங்களைப் படிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் சி.டி.25 வலுவாகத் தெரிந்தால் சந்தேகம் முதல் நோயின் பக்கம் சாயும். அதுவும் முடிவான சான்றல்ல.

முடிவு செய்வது வைரஸ். 1977இல் ஜப்பானில் மருத்துவர் தகாத்சுகியின் குழுவினர் இந்த முதல் நோயை விவரித்தபோது, நோயாளிகளில் பெரும்பாலோர் நாட்டின் தென்மேற்கில், குறிப்பாகக் கியூஷுவில் பிறந்தவர்கள் என்பதுதான் முதல் துப்பாக அமைந்தது. 1980இல் அமெரிக்காவில் ராபர்ட் காலோவின் ஆய்வகம் எச்.டி.எல்.வி.-1 வைரஸைக் கண்டறிந்ததாக வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்நோயோடு வைரஸுக்குள்ள தொடர்பைக் காட்டினார்கள். அப்படியானால் வைரஸ் எதிர்ப்புப்புரதம் இருந்தாலே நோய் உறுதிதானே என்று கேட்கலாம். இல்லை. வைரஸைச் சுமப்பவர்களில் வாழ்நாள் முழுவதும் சேர்த்தே நூற்றில் சுமார் ஐந்து பேருக்கோ, அதற்கும் குறைவானவர்களுக்கோதான் இந்நோய் வருகிறது. வைரஸைச் சுமப்பவருக்கு அதனோடு தொடர்பில்லாத வேறொரு டி செல் புற்றுநோயும் வரலாம். ஐயம் எழும்போது, புற்றுச்செல்கள் எல்லாவற்றின் டி.என்.ஏ.விலும் வைரஸ் ஒரே இடத்தில் பதிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இத்தனை பரிசோதனைக்குள் நோய் முற்றிவிடாதா என்ற கவலை நியாயமானது. வேகமாகப் பெருகும் வகைகளில் ஒவ்வொரு நாளும் முக்கியம்தான். ஆனால் பெயர் தவறினால் மருந்தே தவறிவிடும். பெரும்பாலும் மெதுவாக வளரும் பெருந்துகள் லிம்போசைட் வகையில் பலருக்குக் கண்காணிப்பே போதும். தேவைப்பட்டால் குறைந்த அளவு மெத்தோட்ரெக்சேட் தருவார்கள். அவர்களுக்குக் கடும் கீமோ கொடுப்பது தேவையில்லாத வதை. டி செல் புரோலிம்போசைட்டிக் வகையோ பெரும்பாலும் விரைந்து முற்றுவது. அதற்கு முதலில் நாடும் மருந்து அலெம்டுசுமாப். வைரஸ் வகைக்கு ஜப்பான் 2012இல் மொகமுலிசுமாபை அனுமதித்தது. அந்த வகை என்று உறுதியானால் குடும்பத்தாருக்கும் வைரஸ் பரிசோதனை தேவை. தாய்ப்பால் வழியாகவும் அது பரவும் என்பதால்தான் நாகசாகியில் 1987 முதல் கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, வைரஸ் உள்ள தாய்மாருக்குத் தாய்ப்பாலைத் தவிர்க்க ஆலோசனை சொன்னார்கள். குழந்தைகளுக்குத் தொற்றுவது வெகுவாகக் குறைந்தது.